நெப்போலியன் காலப் போர் விளையாட்டுகள்: விதிநூல்கள் – ஓர் ஒப்பீடு

நெப்போலியன் காலப் போர் விளையாட்டு என்பது, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் நடந்த போர்களைச் சிறிய பொம்மை வீரர்களைக் கொண்டு மேசைமீது ஆடிப் பார்க்கும் பொழுதுபோக்கு ஆகும். வண்ணம் தீட்டிய காலாட்படை, குதிரைப்படை, பீரங்கி உருவங்கள், அட்டையாலும் துணியாலும் செய்த குன்றுகளும் ஊர்களும், அளவுநாடா, பகடை ஆகியவை இதற்கு வேண்டிய பொருள்கள். சதுரங்கத்துக்கு உலகம் முழுவதும் ஒரே விதி உண்டு. இந்த விளையாட்டுக்கு அப்படிப் பொதுவிதி கிடையாது. விதிகளை வகுத்துத் தரும் நூல்கள் ஏராளமாக வெளிவந்துள்ளன. வாட்டர்லூ போரை இரண்டு விதிநூல்களின்படி ஆடினால், இரண்டு வேறு வேறு போர்களே கிடைக்கும்.

இக்கட்டுரை அவ்விதிநூல்களில் சிலவற்றை ஒப்பிட்டு மதிப்பிடுகிறது. பொதுவாக இவற்றை மதிப்பிடுவோர் எது விரைவாக முடிகிறது, எது எளிது என்றே பார்க்கின்றனர். அதுவும் தேவையே. ஆனால் ஒவ்வொரு விதிநூலும், போரில் வெற்றி எதனால் கிடைக்கிறது என்பது பற்றி ஒரு கருத்தைச் சொல்கிறது. வினாத்தாளில் எதற்கு மதிப்பெண் உண்டோ அதைத்தான் மாணவர் படிப்பார். பாடநூல் என்ன சொன்னாலும் அதுவே நடக்கும். விளையாட்டிலும் அப்படித்தான். விதி எதற்குப் பலன் தருகிறதோ, அதுவே வரலாறு என்று ஆடுபவர் மனத்தில் பதிந்துவிடுகிறது. ஆகவே விதிநூலையும் ஒரு வரலாற்று நூலைப் போலவே ஆராய வேண்டும்.

தோற்றம்

இவ்வகை விளையாட்டின் மூலம் பிரஷ்யாவில் உள்ளது. 1812இல் கேயோர்க் லியோபோல்ட் ஃபொன் ரைஸ்விட்ஸ் என்பவர், தாம் அமைத்த போர் விளையாட்டு மேசையை மன்னர் மூன்றாம் பிரெடெரிக் வில்லியமுக்கு அளித்தார். பீரங்கிப்படை அதிகாரியான அவருடைய மகன் அதைத் திருத்தி 1824இல் ‘கிரீக்ஸ்ஷ்பீல்’ என்ற பெயரில் வெளியிட்டார். இச்சொல்லுக்குப் போர் விளையாட்டு என்பதே பொருள். 1:8000 அளவிலான நிலப்படத்தின்மீது சிவப்பு, நீலக் கட்டைகள் நகர்த்தப்பட்டன. ஒரு சுற்று என்பது இரண்டு நிமிடப் போர்.

இதன் முக்கியமான கூறு நடுவர். ஆடுபவர்கள் கட்டைகளைத் தாமே நகர்த்துவதில்லை. ஆணையை எழுதி நடுவரிடம் தருவார்கள். குதிரைவீரன் அந்த ஆணையைக் கொண்டுபோய்ச் சேர்க்க எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு சுற்றுகள் கழித்தே நடுவர் அதை நடைமுறைப்படுத்துவார். எதிரியின் படை கண்ணில் படும் இடத்துக்கு வந்தால்தான் அதன் கட்டை படத்தில் வைக்கப்படும். பிரஷ்யப் படைத்தலைமை இதை அதிகாரிகளின் பயிற்சிக்கு ஏற்றுக்கொண்டது.

பொழுதுபோக்காக இது பரவியது 20ஆம் நூற்றாண்டில்தான். எச். ஜி. வெல்ஸ் 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ நூலை வெளியிட்டார். அதில் பொம்மை வீரர்களை, வில்சுருள் வைத்த பொம்மைப் பீரங்கியால் சுட்டு வீழ்த்த வேண்டும். 1962இல் டொனால்ட் ஃபெதர்ஸ்டோனின் ‘வார் கேம்ஸ்’ வெளிவந்தபின் இங்கிலாந்தில் ஆடுவோர் பெருகினர். ஆனால் வீட்டுக் கூடத்துக்கு வந்த விளையாட்டில் நடுவர் பெரும்பாலும் காணாமற்போனார். இருவர் எதிரெதிரே நின்று, மேசை முழுவதையும் பார்த்தபடி தாமே படைகளை நகர்த்தினர். பிற்கால விதிநூல்கள் எதிர்கொண்ட பெரிய சிக்கல் இங்கே தொடங்குகிறது.

ஒரு பொம்மை எத்தனை பேர்

1977இல் வெளிவந்த புரூஸ் குவாரியின் ‘நெப்போலியன்ஸ் கேம்பெய்ன்ஸ் இன் மினியேச்சர்’ ஒரு தலைமுறை ஆட்டக்காரர்களுக்கு வழிகாட்டியாக இருந்தது. அவருடைய விதிகளில் ஒரு பொம்மை 33 வீரர்களுக்குச் சமம். சுமார் 600 பேர் கொண்ட ஒரு பட்டாலியனுக்கு 18 பொம்மைகள் போதும். ஒரு சிறு மோதலுக்கு இது நல்ல அளவு. ஆனால் வாட்டர்லூவில் நெப்போலியனிடம் மட்டும் ஏறத்தாழ 73,000 பேர் இருந்தனர். அதற்கே 2,200 பொம்மைகள் வேண்டும். எதிரணியையும் சேர்த்தால் எண்ணிக்கை 5,000ஐத் தாண்டும்.

இதற்கு ஒரு தீர்வு, அளவைப் பெரிதாக்குவது. 1989இல் வந்த ‘நெப்போலியன்ஸ் பேட்டில்ஸ்’ நூலில் ஒரு காலாட்படைப் பொம்மை 120 பேர், ஒரு குதிரைப்படைப் பொம்மை 80 பேர். ஒரு சுற்று அரைமணி நேரம். 1994இல் பிராங்க் சாட்விக்கும் கிரெக் நோவாக்கும் எழுதிய ‘வாலி அண்ட் பேயனட்’ இன்னும் துணிந்து சென்றது. பல பட்டாலியன்கள் சேர்ந்த ஒரு பிரிகேட் முழுவதும் மூன்று அங்குலச் சதுர அட்டை ஒன்றில் அடங்கிவிடுகிறது. ஒரு சுற்று ஒரு மணி நேரம்.

பட்டாலியன் வரிசை அணியில் நிற்கிறதா, நெடுவரிசையில் நிற்கிறதா என்பதை இந்நூலில் ஆடுபவர் முடிவு செய்வதில்லை. அதனால் சுவை குறைகிறது என்று சிலர் குறை கூறுவர். அக்குறை பொருந்தாது. பெரும்படைத் தலைவர் ஒவ்வொரு பட்டாலியனிடமும் சென்று சதுர அணி வகுக்கச் சொன்னதில்லை. அது பட்டாலியன் தலைவரின் வேலை. குவாரியின் முறையில் ஆடுபவர் ஒரே நேரத்தில் பேரரசராகவும் பட்டாலியன் தலைவராகவும் இருக்கிறார். ஆடுபவர் எந்தப் பதவியில் இருக்கிறார் என்பதைத் தெளிவாகச் சொல்வது நல்ல விதிநூலின் முதல் இலக்கணம்.

நாட்டுக்கு ஒரு எண்

குவாரியின் நூலில் மிகுதியாக விவாதிக்கப்பட்ட பகுதி, நாட்டுவாரியான எண்கள். நேருக்குநேர் மோதலிலும் மனவுறுதிச் சோதனையிலும் இன்ன நாட்டுப் படைக்கு இவ்வளவு கூட்டு, இவ்வளவு கழி என்று பட்டியல்கள் உண்டு. இவ்வழக்கம் பல நூல்களில் வெவ்வேறு வடிவில் தொடர்ந்தது.

படைகளுக்கிடையே தரவேறுபாடு இருந்தது உண்மை. ஆனால் அது நாட்டின் இயல்பால் வந்ததா, பயிற்சியாலும் தலைமையாலும் வந்ததா? பிரஷ்யப் படை 1806இல் ஜேனாவிலும் அவுயர்ஸ்டெட்டிலும் சிதறியது. சீர்திருத்தங்களுக்குப்பின் அதே நாட்டின் படை 1813இல் நெப்போலியனை எதிர்த்து நின்று போரிட்டது. 1805இல் ஆஸ்டர்லிட்ஸில் வென்ற பிரெஞ்சுப் படை நெடுநாள் பயிற்சி பெற்றது. ரஷ்யாவில் பேரழிவைச் சந்தித்தபின் 1813இல் திரட்டிய படையில் பயிற்சி குறைந்த இளைஞர்களே மிகுதி. இரண்டுக்கும் ‘பிரெஞ்சு’ என்று ஒரே எண்ணைத் தருவது தவறு. ஸ்பானியப் படைக்கு எப்போதும் கடைசி இடம் தரும் பட்டியலை வைத்துக்கொண்டு, 1808 ஜூலையில் பைலேனில் தளபதி துய்ப்போனின் பிரெஞ்சுப் படை ஸ்பானியரிடம் சரணடைந்ததை விளக்க முடியாது.

பயிற்சி, அனுபவம், களைப்பு, தலைமை என்று பிரித்து எண் தருவதே சரியான முறை. நாட்டின் பெயரை மட்டும் பார்த்து எண் தரும் முறை, ‘அந்த ஊர்ப் பிள்ளைகள் அப்படித்தான்’ என்று சொல்லும் ஆசிரியரின் பழக்கத்தைப் போன்றது. அதை விட்டுவிடுவதே நல்லது.

நெடுவரிசையும் வரிசையும்

விதிநூல்கள் வரலாற்றாசிரியர்களின் கருத்தை எப்படிப் பின்தொடர்கின்றன என்பதற்கு இன்னொரு சான்று உண்டு. தீபகற்பப் போரில் பிரெஞ்சு நெடுவரிசைகளைப் பிரிட்டிஷ் வரிசைகள் பலமுறை முறியடித்தன. இதற்குச் சர் சார்லஸ் ஓமன் கூறிய காரணம் கணக்கு சார்ந்தது. இரண்டு ஆள் ஆழமுள்ள வரிசையில் எல்லோரும் சுட முடியும். நெடுவரிசையில் முன்னே நிற்பவர் மட்டுமே சுட முடியும். சுடும் துப்பாக்கிகளை எண்ணிப் பகடை உருட்டும் விதிகள் இக்கருத்தோடு பொருந்துவன.

1981இல் ‘ஃபார்வர்ட் இன்டு பேட்டில்’ நூலில் பேடி கிரிஃபித் இதை மறுத்தார். பிரிட்டிஷார் குன்றின் பின்சரிவில் மறைந்திருந்து, எதிரி மிக அருகில் வந்ததும் சுட்டு, உடனே துப்பாக்கி ஈட்டியுடன் பாய்ந்தனர். அந்த அதிர்ச்சியே எதிரியை ஓடச் செய்தது என்பது அவர் வாதம். அவரும் போர் விளையாட்டில் ஈடுபட்டவரே. இவ்வாதத்தை ஏற்கும் விதிநூல், சுட்டு வீழ்த்தியவர்களின் எண்ணிக்கையைவிட மனவுறுதி குலைவதற்கு அதிக இடம் தர வேண்டும். 2009இல் ரிக் பிரீஸ்ட்லியும் ஜெர்விஸ் ஜான்சனும் எழுதிய ‘பிளாக் பவுடர்’ அப்படிச் செய்கிறது. அதில் பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுப்பதில்லை. ஒரு சாதாரணப் பட்டாலியன் மூன்று அடிகள் வாங்கினால் நிலைகுலைந்ததாகக் கொள்ளப்படும். பெரும்பாலான பட்டாலியன்கள் ஆட்கள் தீர்ந்ததால் களத்தை விடவில்லை, மனம் உடைந்ததால் விட்டன என்ற உண்மைக்கு இது நெருக்கமானது.

ஆணை சென்று சேருமா

எல்லாவற்றிலும் முக்கியமான சோதனை இது. 1815 ஜூன் 16 அன்று நெப்போலியன் லீன்யியில் பிரஷ்யரோடும், அவருடைய மார்ஷல் நே கத்ர்பிராவில் வெலிங்டனோடும் போரிட்டனர். நேயின்கீழ் இருந்த தளபதி டெர்லோனின் பெரும்படைப் பிரிவு, ஏறத்தாழ 20,000 பேர், கத்ர்பிராவை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. வழியில் நெப்போலியனின் ஆணை என்று லீன்யி பக்கம் திருப்பப்பட்டது. அது தொலைவில் தோன்றியபோது, எதிரியோ என்று பிரெஞ்சுக்காரரே தயங்கினர். பிறகு நே அதைத் திரும்ப அழைத்தார். முடிவில் அப்படை இரண்டு போர்க்களத்திலும் போரிடவில்லை.

மேசையருகே நின்று எல்லாவற்றையும் பார்க்கும் ஆட்டக்காரர் இத்தவறை ஒருபோதும் செய்யமாட்டார். ஆகவே விதி இதற்கு என்ன செய்கிறது என்று கேட்க வேண்டும்.

‘பிளாக் பவுடர்’ முறையில், ஆடுபவர் ஆணையை முதலில் வாய்விட்டுச் சொல்லிவிட்டு இரண்டு பகடைகளை உருட்ட வேண்டும். சராசரித் தளபதியின் மதிப்பு 8. கூட்டுத்தொகை 9 அல்லது மேல் என்றால் படை நகராது. அத்தளபதி அச்சுற்றில் வேறு ஆணையும் தர முடியாது. 8 அல்லது 7 என்றால் ஒரு நகர்வு, 6 என்றால் இரண்டு, 5 அல்லது கீழ் என்றால் மூன்று நகர்வுகள். 36 வாய்ப்புகளில் 10இல் படை அசையாமல் நிற்கும். இன்னொரு 10இல் மூன்று மடங்கு தூரம் பாயும். இரண்டு ஆறுகள் விழுந்தால் ஆணை தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டு, படை வேறு பக்கம் போய்விடவும் கூடும். ஆட்டம் கலகலப்பாக இருக்கும். ஆனால் தாயம் விழாதவன் கட்டையைப் போலப் படை நிற்பதும், அடுத்த சுற்றில் மேசையின் பாதியைக் கடப்பதும் சில வேளை நம்பத்தக்கதாக இல்லை.

சாம் முஸ்தபாவின் ‘புளூஷர்’ (2015) வேறு வழியை எடுக்கிறது. ஒரு சுற்றில் எவ்வளவு செயல்படலாம் என்பதற்கான பகடைகளை எதிரி உருட்டி மறைத்து வைத்துக்கொள்வார். ஒவ்வொரு படையை நகர்த்தும்போதும் அதிலிருந்து ஒரு பகுதி கழியும். மீதி எவ்வளவு என்று ஆடுபவருக்குத் தெரியாது. திடீரென்று எதிரி ‘முடிந்தது’ என்பார். ஆகவே எது முதலில் நடக்க வேண்டும் என்று ஆடுபவர் ஒவ்வொரு சுற்றிலும் எண்ணிப் பார்க்கிறார். படைத்தலைவரின் உண்மையான கவலை இதுதான். விதி எளியது, பாடம் ஆழமானது.

ரிச்சர்ட் கிளார்க்கின் ‘ஷார்ப் பிராக்டிஸ்’ சிறு மோதல்களுக்கானது. ஒரு பொம்மை ஒரே ஒரு வீரர். ஒவ்வொரு தலைவருக்கும் ஒரு வில்லை உண்டு. பையிலிருந்து யாருடைய வில்லை வருகிறதோ அவர் செயல்படுவார். ‘டிபன்’ என்று எழுதிய வில்லை வந்தால் சுற்று முடிந்தது. நம் வீட்டில் நாள்தோறும் வழங்கும் அதே சொல்தான். நல்ல தலைவரும் தம் முறை வராமலே சுற்று முடிவதைப் பார்த்துக்கொண்டிருக்க நேரும்.

இம்மூன்றும் ஆட்டக்காரரின் கையைக் கட்டுகின்றன. ஆயினும் டெர்லோனின் அலைச்சல் இவற்றில் முழுமையாக நிகழாது. அங்கே நடந்தது துரதிர்ஷ்டம் அல்ல. இரண்டு தலைவர்கள், ஒருவர் அறிந்தது மற்றவருக்குத் தெரியாமல், தத்தம் இடத்தில் நியாயமாகத் தோன்றிய ஆணைகளை ஒரே படைக்கு அளித்தனர். பகடை குழப்பத்தின் அளவைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. காரணத்தைக் காட்ட, ஒரு பக்கத்தில் இரண்டு ஆட்டக்காரர்கள் தனித்தனியே அமர்ந்து கடிதம் எழுத வேண்டும். இடையே ஒரு நடுவர் வேண்டும். 1824ஆம் ஆண்டின் நூலில் இது இருந்தது.

மதிப்பீடு

புதிதாகத் தொடங்குவோருக்கு ‘ஷார்ப் பிராக்டிஸ்’ ஏற்றது. நாற்பது ஐம்பது பொம்மைகளோடு தொடங்கலாம். நண்பர்கள் பலர் கூடி மாலைப்பொழுதை மகிழ்ச்சியாகக் கழிக்க ‘பிளாக் பவுடர்’ நல்லது. ஒரு பெரும்போரை ஒரே நாளில் முடிக்க ‘வாலி அண்ட் பேயனட்’, ‘புளூஷர்’ இரண்டும் பொருந்தும். படைத்தலைமையின் சிக்கலை உணர்த்துவதில் ‘புளூஷர்’ முன்னிற்கிறது. பொம்மைகளுக்குப் பதில் அட்டைகளைக் கொண்டும் அதை ஆடலாம் என்பதால் செலவும் குறைவு. குவாரியின் நூல் அக்காலப் படையமைப்பை அறிய இன்றும் உதவும். அதன் நாட்டுவாரி எண்களை மட்டும் ஐயத்தோடு அணுக வேண்டும்.

வரலாறு கற்பிக்க விரும்புவோர் எந்த விதிநூலை எடுத்தாலும் ஒரு நடுவரைச் சேர்த்துக்கொள்ளலாம். தலைவர்களைத் தனி அறைகளில் அமர்த்தி, துண்டுச்சீட்டில் ஆணை எழுதச் செய்தால் போதும். ஆட்டம் முடிந்தபின் அந்தச் சீட்டுகளை வரிசையாக வைத்துப் படித்தால், யார் எதை எப்போது அறிந்திருந்தார் என்பது தெரியவரும். வாட்டர்லூவில் ஒரே நாளில் 40,000க்கும் அதிகமானோர் இறந்தோ காயமடைந்தோ விழுந்தனர். அவர்களுடைய தலைவர்கள் அறியாமல் இருந்தவை எவை என்ற கேள்வியை மாணவர் அந்தச் சீட்டுகளிலிருந்தே தொடங்கலாம்.