நகல் காருக்குள் அசல் எஞ்சின்

ஷெல்பி கோப்ராவின் நகல் என்றாலே முகம் சுளிக்கிற கார் ரசிகர்கள் உண்டு. அறுபதுகளில் அசலாகத் தயாரானவை ஏறத்தாழ ஆயிரம்தான். இன்று சாலையில் கண்ணில் படுகிற கோப்ராக்களில் பெரும்பாலானவை நகல்களே. அமெரிக்காவின் ஃபேக்டரி ஃபைவ் நிறுவனம் பெட்டி பெட்டியாக உதிரிகளை அனுப்பிவைக்கிறது. தென்னாப்பிரிக்காவில் தயாராகும் சூப்பர்ஃபார்மன்ஸ் கார்கள் எஞ்சின் இல்லாமலே கப்பலேறுகின்றன. எனக்கு ருசி தட்டுவது அந்தக் காலி இடத்தில்தான். வளைவுகளை அச்சில் வார்த்துவிடலாம். எஞ்சினை மட்டும் ஒருவர் உட்கார்ந்து கட்டித்தான் ஆக வேண்டும்.

அசல் கோப்ராவும் இப்படிப் பிறந்ததுதானே? 1959இல் ஆஸ்டன் மார்ட்டினில் லெ மான் பந்தயத்தை வென்ற டெக்சாஸ்காரர் கரோல் ஷெல்பி. இதயக் கோளாறால் பந்தயத்தை விட்ட பிறகு, இங்கிலாந்தின் ஏசி நிறுவனம் செய்துவந்த ‘ஏஸ்’ என்ற மெலிந்த திறந்த காருக்குள் 1962இல் ஃபோர்டின் வி-8 எஞ்சினை இறக்கினார். உடம்பு ஓர் ஊர், எஞ்சின் இன்னோர் ஊர். ஆகவே அடுத்தவர் செய்த காரில் தனக்குப் பிடித்த எஞ்சினைப் பூட்டுகிறவரே ஷெல்பியின் உண்மையான வாரிசு என்பது என் கட்சி.

அந்த ஃபோர்டு எஞ்சின் மெல்லிய சுவர் வார்ப்பில் உருவானது. வார்ப்பிரும்பிலேயே சுவரை ஒல்லியாக வார்த்ததால் எடையும் அகலமும் குறைந்தன. முதலில் 221 கன அங்குலம், அடுத்து 260, 289, பிறகு 302, 1969இல் உயரம் கூட்டிய 351 என்று குடும்பம் வளர்ந்தது. 1965இல் ஷெல்பி பெரிய பிளாக் 427ஐயும் கோப்ராவில் ஏற்றினார். படங்களில் புடைத்த சக்கர வளைவுகளோடு மிரட்டுவது அதுதான். நகல்காரர்கள் அதிகம் ஆசைப்படுவதும் அதற்கே. ஆனால் அது 289ஐ விட எழுபது, எண்பது கிலோ கனம். அவ்வளவும் முன்சக்கரத்தின் தலையில்.

இன்றைய பட்டறைகள் இதற்கு ஒரு குறும்பான விடை வைத்திருக்கின்றன. 351 அளவிலான சிறிய பிளாக்கை வலுவான புதிய வார்ப்பில் வாங்குகிறார்கள். சிலிண்டர் துளையான போரின் விட்டம் 4.125 அங்குலம், பிஸ்டன் ஏறியிறங்கும் தூரமான ஸ்ட்ரோக் 4 அங்குலம். எட்டு சிலிண்டருக்கும் கூட்டினால் 427 கன அங்குலம்! புதிய வார்ப்பு எதற்கு என்றால், அதே குடும்பத்துப் பழைய 302 பிளாக்கில் ஐந்நூறு குதிரைத்திறனுக்கு மேல் துணிந்தால் அது நடுவே நீளவாக்கில் பிளந்துகொள்வதற்குப் பேர்போனது.

கட்டுகிற கலையில் என்னை மயக்குவது சிலிண்டரின் உட்சுவரைத் தேய்த்துச் சீராக்கும் ஹோனிங் முறை. சிலிண்டர் ஹெட்டை போல்ட் போட்டு இறுக்கும்போது அந்த இழுவிசையில் போர் மிக நுட்பமாகக் கோணிப்போகிறது. அதனால் ஹோனிங் செய்யும் முன், ஹெட் உட்கார வேண்டிய இடத்தில் கனத்த உலோகத் தகடு ஒன்றை அதே போல்ட்டால், அதே இறுக்கத்தில் பூட்டுகிறார்கள். இறுகிய நிலையிலேயே போரை வட்டமாக்குகிறார்கள். தகட்டைக் கழற்றினால் போர் கோணலாகிவிடும். நாளை ஹெட் ஏறியதும் மறுபடி வட்டமாகும். கண்ணெதிரே தப்பாகக் கிடப்பதுதான் சரி!

அடுத்தது பிஸ்டன் ரிங். நாலு அங்குல போரில், மேல் ரிங்கின் வாய் இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்துக்குப் பதினெட்டு என்பது ஒரு பொதுக் கணக்கு. கடையில் வரும் ரிங்கின் வாய் அதைவிட நெருக்கமாக இருக்கும். ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாக விட்டு நேராகத் தள்ளி, ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்க்கிறார்கள். எடுத்து அரத்தில் ஓர் இழுப்பு, மறுபடி உள்ளே. இழுப்பது எப்போதும் வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கி. மாற்றி இழுத்தால் வெளிமுகத்துப் பூச்சு பெயர்ந்துவிடும். மேல் ரிங், இரண்டாம் ரிங் என்று எட்டு சிலிண்டருக்கும் பதினாறு. இடைவெளி குறைந்தால் சூட்டில் ரிங் விரிந்து வாயோடு வாய் முட்டிக்கொள்ளும், பிஸ்டன் பாழ். கூடினால் அழுத்தம் கசியும். நல்லெண்ணெய் பதம் பார்க்கிற விரல்கள் போல, கேஜ் நுழையும்போது விரலில் தட்டுகிற உராய்வை வைத்தே தேர்ந்தவர்கள் போதும் என்று நிறுத்துகிறார்கள்.

கனெக்டிங் ராடு போல்ட்டையும் டார்க் ரென்ச் காட்டும் எண்ணை மட்டும் நம்பி விட்டுவிடுவதில்லை. திருகுகிற பலத்தில் பெரும்பகுதியை உராய்வே தின்றுவிடும். ஆகவே போல்ட் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று அளக்கிறார்கள். இரும்பு நீளுமா என்றால், நீளும்; இழுபட்ட ஸ்பிரிங்காக நின்றால்தான் அது ராடைப் பிடித்துவைத்திருக்கும்.

இனி சத்தம். கோப்ராவின் புகைக்குழாய்கள் கதவுக்குக் கீழே இரு பக்கமும் தனித்தனியாக ஓடுகின்றன. 289இன் வெடிப்பு வரிசை 1-5-4-2-6-3-7-8. ஃபோர்டின் கணக்கில் முதல் நாலும் வலப்பக்கம், மற்ற நாலும் இடப்பக்கம். வரிசையைச் சொல்லிப் பாருங்கள்: 4, 2 இரண்டும் அடுத்தடுத்து வலப்பக்கம், 7, 8 இரண்டும் அடுத்தடுத்து இடப்பக்கம். ஒவ்வொரு பக்கமும் தாளம் ஓரிடத்தில் இரட்டித்து, இன்னோரிடத்தில் இடைவெளி விடுகிறது. அமெரிக்க வி-8இன் அந்தக் கடகடப்பு இதிலிருந்து வருவதுதான். ஃபோர்டின் ஜிடி40 பந்தயக் காரில் குழாய்களைப் பாம்புக் குவியலாகப் பக்கம் மாற்றிப் பின்னி இந்த இடறலைச் சீராக்கினார்கள். எஞ்சினுக்கு ஐந்து லிட்டர் வரம்பு வந்த பின், 1968, 1969 இரண்டு ஆண்டும் லெ மான் வென்றது 1075 என்ற எண்ணுடைய ஒரே ஜிடி40; அதில் இருந்தது இதே சிறிய பிளாக் குடும்பத்து எஞ்சின். பெரிய பிளாக் பக்தர்களிடம் இதைச் சொல்லிப் பார்க்கலாம், கேட்க மாட்டார்கள்.

பலர் கெட்டுப்போகிற இடம் கேம்ஷாஃப்ட். இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் சேர்ந்து திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டினால் ஐடிலில் எஞ்சின் குலுங்கிக் குலுங்கி உறுமும். பெட்ரோல் பங்க்கில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் கீழ் வேகத்தில் சிலிண்டருக்குள் கலவை சரியாக நிரம்பாது. இரு சக்கர அச்சுகளுக்கும் இடையே 90 அங்குலமே உள்ள, ஒரு டன்னைச் சற்றே தாண்டுகிற கார் இது. இதற்கு 6,500 சுற்றில் திடீரென விழித்துக்கொள்ளும் எஞ்சின் வேண்டாம். எஞ்சினின் திறனை அளக்கும் டைனோவில் ஏற்றி எடுத்த தாளை நீட்டினால் எல்லோருடைய விரலும் உச்சக் குதிரைத்திறனில்தான் போய் நிற்கிறது. நான் பார்ப்பது டார்க் கோட்டை. 3,000 சுற்றிலிருந்து 5,500 வரை அது திண்ணை போல் கிடந்தால் கட்டியவருக்கு விஷயம் தெரியும். 427 என்ற எண்ணுக்கு ஆசைப்படுகிறவர்கள் அதை ஒட்டிக்கொள்ளட்டும். எனக்குச் செய்யச் சொன்னால் 4.030 போர், 3.4 ஸ்ட்ரோக், 347 கன அங்குலம், அடக்கமான ரோலர் கேம், மேலே நாலு வெபர் கார்புரேட்டர். வெபர்களை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவைப்பது தலைவலி பிடித்த வேலைதான். ஆனால் அந்த எட்டு ஊதுவாய்களைப் பார்த்த பிறகு ஃப்யூயல் இன்ஜெக்ஷனுக்கு மனசு வரவில்லை.