பெயரும் எண்ணும்: புலிமான்கோம்பை நடுகற்களும் முதல் உலகப்போர் நினைவுப் பலகைகளும்

சிற்றூர்களிலும் சிறு நகரங்களிலும் உள்ள போர் நினைவுச் சின்னங்களைப் பற்றி எழுதுவோர், அவற்றை நடுகல் மரபின் தொடர்ச்சி எனக் கூறி அமைவது வழக்கமாகிவிட்டது. மாண்டார்க்குக் கல் எடுத்தல் என்னும் புற ஒப்புமையே இக்கூற்றுக்கு அடிப்படை. கல்லில் என்ன பொறிக்கப்பட்டுள்ளது, யாரை எழுவாயாகக் கொண்டு பொறிக்கப்பட்டுள்ளது என நோக்கின் இத்தொடர்ச்சி ஐயத்திற்கு உரியதாகிறது.

போடிநாயக்கனூரை அடுத்த சிலமலை போன்ற மலையடிவார ஊர்கள் அமைந்த அதே தேனி மாவட்டத்தில், வைகைக் கரையில் உள்ளது புலிமான்கோம்பை. அங்கு 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டறிந்தனர். அவற்றின் காலக் கணிப்பில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. இங்கு அது தடையன்று. முதற்கல் தீயன் அந்தவன் என்பானின் பெயர், கூடல் ஊர் என்னும் இடம், ஆகோள் என்னும் நிகழ்வு ஆகியவற்றைச் சில சொற்களில் தருகிறது. அரசன் பெயர் இல்லை, புகழ்மொழி இல்லை, உருவமும் இல்லை. மற்றொரு கல்லும் ஊரையும் ஆளையுமே சுட்டுகிறது. எஞ்சிய கல் உடைந்தது. அதில் பெயர் சிதைந்துபோயிற்று. ஆயினும் ‘அன்’ என்னும் ஆண்பால் ஈறும் ‘கல்’ என்னும் சொல்லும் தப்பி நிற்கின்றன. ஒருவனுக்கு உரிய கல் அது என்பதை உடைவும் மறைக்கவில்லை. மயிற்பீலி சூட்டிப் பெயர் பொறித்துக் கல் நடும் வழக்கைப் புறநானூறு 264ஆம் பாடலும் கூறுகிறது. பெயர் இம்மரபில் அணியன்று. கல்லின் பயனே அதுதான்.

முதல் உலகப்போருக்குப் பின் ஆங்கில அரசு இந்தியச் சிற்றூர்கள் பலவற்றில் பதித்த பலகைகளின் வாசகம் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்த்தது: இவ்வூரிலிருந்து 1914–1919 பெரும்போருக்குச் சென்றவர் இத்தனை பேர், அவருள் உயிர் ஈந்தவர் இத்தனை பேர். திருச்சிராப்பள்ளி காந்தி சந்தை முன்புள்ள போர் நினைவுத் தூணும் அக்காலத்ததே. பலகையின் வாசகத்தில் ஊர் உண்டு, தொகை உண்டு, ஆள் இல்லை. புலிமான்கோம்பையில் பெயர் சிதைவால் இழந்தது; இங்கு வாசகத்தின் அமைப்பிலேயே பெயருக்கு இடமில்லை.

கல்லில் இடம் போதாமையே காரணம் எனச் சிலர் கூறலாம். அது பொருந்தாது. இடத்திற்குக் குறைவில்லாத பாஸ்ரா நினைவுச்சின்னத்திலும் இந்திய அதிகாரிகள் பெயராலும், கீழ்நிலை வீரர்கள் படைப்பிரிவின்கீழ் எண்ணிக்கையாலும் குறிக்கப்பட்டனர். முதல் உலகப்போரில் மாண்ட, பெரும்பாலும் ஆசிய, ஆப்பிரிக்க, மேற்காசியப் பகுதிகளைச் சார்ந்த 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் எனப் பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையத்தின் சிறப்புக் குழு 2021இல் ஒப்புக்கொண்டது.

எனினும் பலகையை முற்றிலும் குறைகூறுதல் நேரிய திறனாய்வு ஆகாது. நடுகல் மாண்டவனை மட்டுமே அறியும்; பலகையோ மீண்டு வந்தோரையும் அதே தொடரில் கணக்கிடுகிறது. தொல்காப்பியம் கூறும் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்னும் ஆறு நிலைகளில் உயிருடன் திரும்பியவனுக்கு இடமில்லை. ஆனால் அந்த ஆறும் மாண்டவனைச் சார்ந்தோர் தம் கையால் செய்யும் வினைகள். பலகையைப் பதித்தது ஆள்திரட்டிய அரசு. அத்தொகை, ஊர் அரசுக்கு அளித்ததன் கணக்கு. ஊர்மக்கள் பலர் படித்தறிய இயலாத ஆங்கிலத்தில் அது பொறிக்கப்பட்டமை இதனை உறுதிசெய்கிறது.

ஆகவே ‘தொடர்ச்சி’ என்னும் முடிவைக் கொண்டு ஆய்வைத் தொடங்குதல் கூடாது. லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்த பஞ்சாப் வீரர்கள் ஏறத்தாழ 3,20,000 பேரின் பதிவேடுகள் மின்னாக்கம் பெற்று, ஊர்வாரியாக இன்று தேடத்தக்கனவாகி வருகின்றன. சென்னை மாகாணப் பலகைகளில் ஊரும் தொகையும் முன்னரே உள்ளன. அவற்றை ஆணையத்தின் இறந்தோர் பதிவுகளோடு ஒப்பிட்டு, ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துத் திரிபுகளைத் தமிழ் வடிவங்களோடு பொருத்துதல் கல்வெட்டியலாரும் ஊர்ப்பெயராய்வாளரும் இணைந்து செய்ய வேண்டிய பணி.