சாயலும் வம்சமும்

எங்கள் பக்கத்தில் கல் கிடையாது. காவிரி கொண்டுவந்து போட்ட வண்டல் பூமி. வீட்டு அம்மியிலிருந்து தஞ்சைப் பெரிய கோயில் வரை எல்லாம் வெளியிலிருந்து வந்த கல்தான். ஆகையால், தஞ்சாவூர்க்காரன் ஒரு கல்லைக் கண்டால் முதலில் கேட்பது 'இது எங்கிருந்து வந்தது?' என்றுதான்.

2006-ல் இந்தக் கேள்வி பெரிதாக எழுந்தது. மயிலாடுதுறைக்கு அருகே செம்பியன்கண்டியூரில், ஆசிரியர் ஒருவர் தம் வீட்டுத் தோட்டத்தில் குழி வெட்டும்போது, வழவழவென்று தீட்டிய கற்கோடரி ஒன்று கிடைத்தது. அதிலிருந்த கீறல்களில் நான்கு சிந்துவெளிக் குறிகளைக் கண்டார் ஐராவதம் மகாதேவன். கல் மட்டும் தென்னாட்டுக் கல் என்றார். அதற்குப் பிறகு நான் கேட்ட பேச்சில் பாதி, சிந்துவெளிக்காரனே நேராக நடந்து வந்து காவிரிக் கரையில் குடியேறிவிட்ட தோரணையில் இருந்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால், எந்த மண் அடுக்கில், எந்தப் பொருள்களோடு அது கிடந்தது என்ற சாட்சியம் குழி வெட்டியபோதே கலைந்துவிட்டது. மிஞ்சியது சாயல். அந்தச் சாயலையே ஒப்புக்கொள்ளாத அறிஞர்களும் உண்டு.

சாயலை வைத்து வம்சம் சொல்வது இலக்கிய விமர்சகர்களுக்கும் பழக்கமான வித்தை. என் கதை ஒன்றை இன்ன ருஷ்யக் கதையின் வாரிசு என்று ஒருவர் எழுதினார். அதற்குப் பிறகுதான் அந்த ருஷ்யக் கதையைத் தேடிப் படித்தேன். சாயல் இருக்கத்தான் இருந்தது! என்ன செய்வது?

அவர் அத்திரம்பாக்கத்தைப் பற்றிப் படித்திருக்கலாம். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே வருஷம் கொசஸ்தலையாற்றுப் பக்கமுள்ள அத்திரம்பாக்கத்திலும் பல கிடைத்தன. இந்த வகைக் கைக்கோடரிக்குப் பிரான்ஸில் உள்ள செயின்ட் அஷூல் என்ற இடத்தின் பெயரால் அஷூலியன் என்று பெயர். பெயர் அங்கே பிறந்ததால் பொருளும் அங்கே பிறந்தது என்று ஆகிவிடாது. கென்யாவில் கிடைத்தவற்றுக்கு வயது சுமார் பதினேழரை லட்சம் வருஷம். அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு குழுவினர் அடுக்கடுக்காகத் தோண்டி, புதைந்த கல்லில் தங்கியிருக்கும் அலுமினியம், பெரிலியம் அணுக்களை அளந்து, 2011-ல் சுமார் பதினைந்து லட்சம் வருஷம் என்று கணக்குச் சொன்னார்கள்.

அவர்கள் கருவியின் அழகை மட்டும் பார்த்து நின்றுவிடுவதில்லை. கல் எந்தப் பாறையிலிருந்து வந்தது, முதல் அடி எங்கே விழுந்தது, தெறித்த சில்லுகள் எவை என்று பார்க்கிறார்கள். வேண்டிய வடிவத்தில் ஒரு சில்லு பெயரும்படி மூலக்கல்லை முன்கூட்டியே செதுக்கித் தயார் செய்வது ஒரு முறை. அதற்கு லெவல்வா என்று பெயர். அத்திரம்பாக்கத்தில் அது சுமார் 3,85,000 வருஷத்துக்கு முன்பே தோன்றியது என்று 2018-ல் எழுதினார்கள். நம்மைப் போன்ற மனிதர்கள் ஒன்றேகால் லட்சம் வருஷத்துக்குள் ஆப்பிரிக்காவிலிருந்து அதை இங்கே கொண்டுவந்தார்கள் என்ற கொள்கைக்கு அது பலத்த அடி. ஆனாலும், செய்தவர்களின் எலும்பு அங்கே கிடைக்காததால், இன்னார்தான் செய்தார் என்று அவர்கள் அடித்துச் சொல்லவில்லை. இந்த அடக்கம்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. சாயல் ஒரு கேள்வியை எழுப்பும். பதிலைச் சில்லுகளிடம்தான் கேட்க வேண்டும்.

கதைக்கும் சில்லுகள் உண்டு: அடித்துத் திருத்திய வரிகள், ஆசிரியன் கேட்டு வளர்ந்த பேச்சு, கைவிட்ட முடிவுகள். அவற்றைப் பொறுக்க விமர்சகருக்குக் குனிய மனமில்லை.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவுக்கு அம்மி கொத்த ஒரு கிழவர் வருவார். அம்மியின் வடிவத்தை அவர் பார்க்கவே மாட்டார். பழைய கொத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்த்து, "போன தடவை கொத்தினது நான் இல்லை" என்பார். அம்மா கொஞ்சம் வெட்கத்தோடு ஒப்புக்கொள்வாள்.