குரலுக்கு விலை சொல்லும் உரிமை

செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேசும்போது படைப்புரிமையை வழக்கறிஞர்களிடமும் வேலையிழப்பைத் தொழிற்சங்கங்களிடமும் விட்டுவிடுகிறோம். இரண்டும் ஒரே பிரச்சினை என்பதற்குத் திரைத்துறையே சாட்சி. தன் குரலையும் முகத்தையும் எழுத்தையும் மறுபடி பயன்படுத்துவதற்கு விலை சொல்லவும், வேண்டாமென்று மறுக்கவும் முடிகிறவருக்குத்தான் நாளை வேலை இருக்கும்.

2024இல் வந்த ‘லால் சலாம்’ படத்தின் ‘திமிரி எழுடா’ பாடலில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்கள் மீட்டுருவாக்கப்பட்டன. இரு குடும்பங்களிடமும் அனுமதி பெற்று ஊதியமும் அளித்ததாக ஏ.ஆர். ரஹ்மான் அறிவித்தார். ஏறத்தாழ அதே நாட்களில், ‘கீடா கோலா’ தெலுங்குப் படத்தில் எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரலை அனுமதியின்றி உருவாக்கிவிட்டார்கள் என்று அவர் மகன் சரண் வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பினார். உயிரோடிருப்பவர்களின் நிலையும் உறுதியாக இல்லை. 2013இல் வந்த ‘ராஞ்சனா’ இந்திப் படத்தின் தமிழ் வடிவமான ‘அம்பிகாபதி’, 2025 ஆகஸ்டில் செயற்கை நுண்ணறிவால் மாற்றிய முடிவுடன் மீண்டும் திரைக்கு வந்தது. இறந்துபோகும் நாயகன் அதில் பிழைத்துக்கொள்கிறான். இயக்குநர் ஆனந்த் எல். ராயும் நடிகர் தனுஷும் எதிர்த்தும் பயனில்லை. நம் பதிப்புரிமைச் சட்டம் திரைப்படத்தின் ஆசிரியராகக் கருதுவது தயாரிப்பாளரை. படைப்பைச் சிதைப்பதைத் தடுக்கும் 57ஆம் பிரிவு ஆசிரியருக்கே உரியது என்பதால், இயக்குநரின் பிடி தளர்ந்துவிடுகிறது. 2012இல் சேர்ந்த 38பி பிரிவு நடிகர்களுக்குச் சிறிது பாதுகாப்பு தருகிறது. ஆனால் நீதிமன்றம்வரை போக வசதியுள்ளவர்கள் எத்தனை பேர்?

ஹாலிவுட் வேறு வழியில் போனது. 2023இல் எழுத்தாளர்கள் 148 நாட்களும் நடிகர்கள் 118 நாட்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தும்படி எழுத்தாளரை நிறுவனம் கட்டாயப்படுத்த முடியாது என்பது அவர்களின் வேலைநிறுத்தத்தை முடித்த ஒப்பந்தத்தில் ஏறியது. நடிகர்களின் ஒப்பந்தப்படி, ஒருவரின் டிஜிட்டல் பிரதியை உருவாக்க அவர் சம்மதம் தேவை. படப்பிடிப்புக்காக எடுத்த பிரதியை அதே படத்தில் நடிக்கவைத்தால், அவரே நேரில் வந்திருந்தால் எத்தனை நாள் உழைத்திருப்பாரோ அத்தனை நாள் சம்பளமும் தரவேண்டும். உரிமையையும் கூலியையும் ஒரே வரியில் கட்டிய ஷரத்து இது.

சிந்தசைசர் வந்தபோதும் வயலின் குழுக்கள் சுருங்கின, பிறகு புதிய வேலைகள் பிறந்தன என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். அந்த ஒப்புமை பாதிதான் பொருந்தும். ஒரு குறிப்பிட்ட பாடகரின் குரலிலேயே பாடி அவருடைய இடத்தை எடுத்துக்கொள்ளும் வேலையைச் சிந்தசைசர் செய்யவில்லை. இங்கோ, வேலையிழப்பவரின் உழைப்பே அவரை வெளியேற்றும் கருவிக்குக் கச்சாப்பொருள். ஹாலிவுட் ஒப்பந்தத்தில் உள்ளதுபோன்ற நிபந்தனைகள் சிறு தயாரிப்பாளரை முடக்கிவிடும் என்ற கவலையும் உண்டு. ஆனால் இதில் கேட்கப்படுவது, ஆளை அழைத்திருந்தால் எப்படியும் கொடுத்திருக்கவேண்டிய சம்பளம்தான். சட்டம் திருந்தும்வரை நம் பின்னணிக் குரல் கலைஞர்களும் துணை நடிகர்களும் காத்திருக்க முடியாது. திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமான பெப்சி போன்ற அமைப்புகள் அடுத்த ஊதியப் பேச்சுவார்த்தையிலேயே சம்மதத்தையும் சம்பளத்தையும் இணைக்கும் இந்த ஷரத்தை முதல் கோரிக்கையாக வைக்கவேண்டும்.