ஃபெலுடாவுக்கு ஒரு தமிழ்ப் பக்கம்

சத்யஜித் ராய் வங்காளத்தில் கதை எழுத உட்கார்ந்தபோது அவருக்கு வயது 40. பாட்டனார் உபேந்திரகிஷோர் 1913இல் தொடங்கி, தந்தை சுகுமார் நடத்தி, பின்னர் நின்றுபோன ‘சந்தேஷ்’ சிறுவர் இதழை 1961இல் கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயுடன் சேர்ந்து மறுபடி கொண்டுவந்தார். இதழ் என்று ஒன்று வந்துவிட்டால் பக்கங்களை நிரப்பியாக வேண்டும். ஷெர்லாக் ஹோம்ஸ் வாசித்து வளர்ந்தவர், புத்தக அட்டைகள் வரைந்தவர், வீட்டில் ஒரு மகன். அந்த மகன் சந்தீப்புக்குப் பன்னிரண்டு வயதான 1965இல் ஃபெலுடாவின் முதல் கதை ‘சந்தேஷ்’ இதழில் வெளியாகத் தொடங்கியது. முற்றுப்பெற்றவை மொத்தம் 35 கதைகள்.

வீ.பா. கணேசன் மொழிபெயர்ப்பில் பாரதி புத்தகாலயம் வெளியிட்ட தமிழ் ஃபெலுடாவை வாசிக்கிறவர்களுக்கு முதலில் படுவது, அதில் இல்லாதவைதான். கள்ளக்காதல் இல்லை, ஆபாசம் இல்லை, ரத்தமும் குறைவு. இளையோருக்காகக் கதையைச் சுத்தமாக வைத்துக்கொண்டு துப்பறிய வைப்பது எளிதல்ல என்று ராயே சொல்லியிருக்கிறார். அந்த வெற்றிடத்தை அவர் அறிவால் நிரப்பினார். லக்னோ, ஜெய்சால்மர், எல்லோரா என்று ஊர்களும், பழைய சிலைகளும், ரயில் பயணங்களும் வருகின்றன. 1971இல் வந்த ‘சோனார் கேல்லா’வில் அறிமுகமாகும் ஜடாயு, ஏராளமாக விற்கும் மர்மநாவல் எழுத்தாளர். ஒட்டகம் பற்றி அவர் தப்பாக எழுதியதை ஃபெலுடா திருத்துகிறார். பதின்வயது வாசகனுக்கு எழுதுவதென்றால் தகவலில் ஏமாற்றக் கூடாது என்பதை இதைவிடச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னவர் யாருமில்லை.

குறையும் பெரியது. பெண்கள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. கதை சொல்லும் தோப்ஷே ஒரு பையன். உடன் வரும் ஜடாயுவும் ஆண். என் மகளிடம் இந்தப் புத்தகங்களைக் கொடுத்தால் அவள் கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

அவளுக்கு இங்கே, அட்லிஸ்வில்லில், வேறு தேர்வு உண்டு. ஜெர்மன் பேசும் நாடுகளில் ‘மூன்று கேள்விக்குறிகள்’ என்று பொருள்படும் துப்பறியும் வரிசையைத் தெரியாத பிள்ளை அரிது. 1964இல் ராபர்ட் ஆர்தர் தொடங்கிய அமெரிக்கத் தொடர் அது. அமெரிக்காவில் அது நின்றுபோன பிறகு, 1993 முதல் ஜெர்மன் எழுத்தாளர்கள் தாங்களே எழுதித் தொடர்கிறார்கள். பின்னர் சிறுமிகள் துப்பறியும் ‘மூன்று ஆச்சரியக்குறிகள்’ வரிசையும் வந்தது. கடன் வாங்கிய சரக்கைத் தங்களதாக்கிக்கொண்டார்கள்.

நமக்கு ‘கல்கண்டு’ காலத்தில் தமிழ்வாணனின் சங்கர்லால் இருந்தார். ‘கோகுலம்’, ‘சுட்டி விகடன்’ இரண்டும் அச்சில் நின்றுபோயின. எட்டு வயதுக்குப் படக்கதை கிடைக்கிறது. இருபத்தைந்து வயதுக்கு நாவல் கிடைக்கிறது. இடையில் இருக்கும் பதினான்கு வயதுக்காரி, தமிழ்ப் பள்ளியில் பாடநூலை மூடியதும் தமிழையும் மூடிவிடுகிறாள்.

சரக்குக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடப்பட்ட நடராசர் ஆஸ்திரேலிய தேசியக் காட்சிக்கூடம் வரை போய் 2014இல் திரும்பினார். துப்பாக அமைந்தவை புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இருந்த பழைய புகைப்படங்கள். கொலை இல்லை, காமம் இல்லை. கோயில், பூட்டு, கப்பல் பெட்டி, பொய்ச் சான்றிதழ். ஃபெலுடாவுக்கென்றே நடந்ததுபோல் இருக்கிறது. அந்த வேட்டையில் பங்கெடுத்த எஸ். விஜய்குமார் அதை 2018இல் புத்தகமாக்கினார், ஆங்கிலத்தில், பெரியவர்களுக்கு. அதைத் தமிழில் ஒரு சிறுமியின் கண்ணால் சொல்லும் நாவலை நான் இன்னும் பார்க்கவில்லை.

எழுதக்கூடிய பெற்றோர் புலம்பெயர் நாடுகளில் பலர் இருக்கிறார்கள். இரவில் பிள்ளைக்குக் கதை சொல்கிறார்கள், அது அங்கேயே முடிந்துவிடுகிறது. ராயின் மேசைமேல் அடுத்த மாத இதழ் காத்திருந்தது. இவர்களுக்காக எந்த இதழும் காத்திருக்கவில்லை. நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்தக் காலாண்டிதழிலும் பதினான்கு வயதுக்கென்று ஒரு பக்கம் கிடையாது. ஒவ்வோர் இதழிலும் எட்டுப் பக்கம் ஒதுக்கினால் ஆண்டுக்கு முப்பத்திரண்டு பக்கம், ஒரு தொடர்கதைக்குத் தொடக்கமாகப் போதும். ஆசிரியர் குழு இதை வெட்டாமல் போட்டால், முதல் அத்தியாயம் யாரிடமிருந்து வருகிறது என்று பார்ப்போம்.