உண்மை எழுதியவருக்கு என்ன லாபம்?

'பழைய கஞ்சாப் பழக்கம் தடையில்லை, அதை மறைப்பதுதான் தடை.' அமெரிக்க அரசின் பாதுகாப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கும் இளைஞர்களிடம் இதை மந்திரம்போல் ஓதுகிறார்கள். 2021 டிசம்பரில் தேசிய உளவுத்துறை இயக்குநர் அவ்ரில் ஹெயின்ஸ் அனுப்பிய குறிப்பு, பழைய பழக்கத்தைக் கணக்கில் எடுக்கலாம், அது ஒன்றே முடிவைத் தீர்மானிக்காது என்றது. அதன்பின் மந்திரத்துக்கு மவுசு கூடிவிட்டது.

குறிப்பு நல்லதுதான். ஆளை முழுதாக எடைபோடச் சொல்லும் நெறியும் நல்லதே. போதைப் பழக்கம் உள்ளவர்களைப் பற்றிய அரசின் பயத்துக்கும் காரணம் உண்டு: 1970களில் சோவியத்துக்கு ரகசியம் விற்ற கிறிஸ்டோபர் பாய்ஸுக்கு உடந்தையாக இருந்தவர், போதைப்பொருள் விற்றுவந்த பால்ய நண்பர்.

ஆனால் இந்த நடைமுறையை நேர்மைக்கு வைக்கும் சோதனை என்று பெருமைப்படுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அனுமதிக்காக நிரப்பும் எஸ்எஃப்-86 படிவத்தின் 23ஆம் பிரிவைப் பாருங்கள். கடந்த 7 ஆண்டுகளில் போதைப்பொருள் தொட்டதுண்டா? முதலில் எந்த மாதம், கடைசியாக எந்த மாதம், எத்தனை முறை? இனியும் தொடும் எண்ணம் உண்டா, ஏன்? கூடவே ஓர் உறுதி: உண்மையாகச் சொன்ன பதில் உங்கள்மீதான குற்ற வழக்கில் சாட்சியமாகாது. வேலை கிடைக்கும் என்ற உறுதி மட்டும் எங்கும் இல்லை.

கொலராடோவில் கடையில், மாநிலச் சட்டப்படி கஞ்சா வாங்கிய இருவரை எடுத்துக்கொள்வோம். மத்தியச் சட்டத்தில் அது இன்றும் குற்றம். ஒருவர் எல்லாவற்றையும் எழுதுகிறார். அவர் கதி இனி ஓர் அதிகாரியின் கையில். அனுமதி யாருக்கும் உரிமையல்ல என்று உச்ச நீதிமன்றம் 1988இல் ஈகன் வழக்கில் சொல்லியாகிவிட்டது. சந்தேகம் வந்தால் நாட்டின் பக்கம் தீர்க்கவேண்டும் என்பது நெறி. மற்றவர் 'இல்லை' என்று குறித்துவிட்டுப் போகிறார். புகைத்ததற்கு ரசீதா இருக்கிறது?

பெரும்பாலும் தப்பிவிடும் அந்த இரண்டாமவரிடம்தான் இப்போது உண்மையிலேயே ஒரு ரகசியம் இருக்கிறது. படிவத்தில் பொய் எழுதினால் 5 ஆண்டுவரை சிறை. பழைய அறைத்தோழன் வாய் திறந்தால் எல்லாம் போயிற்று. முதலாமவரை எதைக் காட்டி மிரட்டுவது? எல்லாம் கோப்பிலேயே கிடக்கிறது. மிரட்டலுக்குப் பணிந்துவிடுவாரோ என்று அஞ்சும் அரசே மிரட்டுவதற்கான சரக்கைத் தயாரித்துக் கொடுக்கிறது.

பொய்யர்களைப் பிடிக்க உண்மை கண்டறியும் கருவி இருக்கிறதே என்பார்கள். அனுமதி பெறும் பலர் அதன் பக்கம் போவதே இல்லை. சிஐஏவின் ஆல்ட்ரிச் ஏம்ஸ், சோவியத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே 1986இலும் 1991இலும் அதில் தேறினார். அவருடைய குடிப்பழக்கம் அலுவலகத்துக்கே தெரியும்.

2021 மார்ச்சில் வெள்ளை மாளிகை ஊழியர்கள் 5 பேர் பழைய கஞ்சாப் பழக்கம் பற்றிய கொள்கையால் வேலையிழந்ததாக அன்றைய செய்திச் செயலாளர் ஜென் சாக்கி ஒப்புக்கொண்டார். சிலர் விஷயத்தில் வேறு காரணங்களும் உண்டு என்றார், இருக்கலாம். 'இல்லை' என்று குறித்துவிட்டு வேலையில் தொடர்பவர்கள் அந்த 5 பேர் கணக்கில் வரமாட்டார்கள்.