கார்த்திக் கற்ற மொழி

ராதாமோகன் இயக்கத்தில் 2007-இல் வெளிவந்த ‘மொழி’ திரைப்படத்தை நாம் இன்றும் மதிக்கிறோம். காது கேளாத, வாய் பேசாத அர்ச்சனாவை அது இரக்கத்திற்குரியவளாக்கவில்லை. சினமும் தன்மானமும் உள்ளவளாகவே நிறுத்தியது. அவளை விரும்பும் கார்த்திக் சைகை மொழியைக் கற்கிறான். கற்க வேண்டியவர் கேட்பவரே என்பதைத் தமிழ்த் திரை இவ்வளவு இயல்பாகச் சொன்னது அரிது.

ஆயினும் நமக்கொரு மனக்குறை உண்டு. அர்ச்சனாவின் வாழ்வில் இல்லாதது இசை என்ற எண்ணத்தையே படம் சுற்றி வருகிறது. நாயகன் இசைக்கலைஞன் அல்லவா! திண்டிவனத்தில் ஓர் அடுப்பங்கரையை எண்ணிப் பாருங்கள். ‘மூன்று விசில் வந்ததும் இறக்கவும்’ என்னும் நம் சமையல் குறிப்புகள் காதுள்ளவருக்கே எழுதப்பட்டவை. கேளாத தாயோ, குக்கரின் குண்டு எழுவதையும் ஆவி சீறுவதையும் கண்ணால் எண்ணிப் பருப்பை இறக்கிவிடுவாள். அங்கே அவளுக்கு எவர் துணையும் வேண்டியதில்லை. வெளியூர் செல்ல விழுப்புரம் சந்திப்புக்கு வரும்போது, நடைமேடை மாறியதை ஒலிபெருக்கி மட்டும் அறிவித்தால், அப்போதுதான் அவள் தனித்து நிற்கிறாள். ஞாயிறு மறையுரையின்போதும் அப்படியே. அர்ச்சனாவுக்காகப் பேசும் தோழி ஷீலா அங்கெல்லாம் வருவதில்லை.

பேச்சிழந்த செக்கரியாவிடம், பிள்ளைக்கு என்ன பெயர் என்று சுற்றத்தார் சைகையால் கேட்டனர் (லூக் 1:62). அவருக்குக் காதும் கேட்கவில்லை என்றே உரையாசிரியர் பலர் கொள்வர். அங்கே காதல் இல்லை. ஒரு பெயர் தெரிய வேண்டியிருந்தது, அவ்வளவே. கார்த்திக்கின் காதலைவிட அந்த அண்டை வீட்டாரின் சைகையே நமக்குப் பெரிதாகப் படுகிறது.